பிழியாத கை

அத்தியாயம் 11

"நாளைக்கு வர்றேன்" என்று அம்மா கெங்கம்மாள் நேற்று போனை வைத்ததிலிருந்து செந்தில்குமாருக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் ஆபரேஷன் நடந்தது அவன் மனைவியின் வயிற்றில்.

ஹேமலதா நன்றாகத்தான் தூங்கி எழுந்தாள். இடுப்பைச் சுற்றி இறுக்கிய பெல்ட்டோடு, லேசாக முன்னால் குனிந்தபடி அவள் சமையலறைக்கு வந்தபோது, அவன் பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தேவகிருபை மேடத்த இன்னிக்கு வரவேணாம்னு சொல்லிடட்டுமா?"

"எதுக்கு?"

"அம்மா வர்றாங்கல்ல."

"உங்கம்மா வர்றதுக்கும் என் வீக்கத்துக்கும் இன்னா சம்பந்தம்? அவங்க வரட்டும். இவங்களும் வரட்டும்."

"பார்த்தா கேப்பாங்களே, ஹேமா."

"கேக்கட்டும்."

இப்படி ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறவளோடு வாழ்வது சுலபமில்லை. செந்தில் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, மறுபடி பால் வாங்கக் கீழே இறங்கிப் போனான்.

அவன் வருவதற்குள் நாம் விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம். ஹேமலதா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். இரண்டாவதுக்குப் பிறகு வயிற்றுத் தசை நடுவில் பிரிந்து, தோல் தொங்கி, அப்படியே நின்றுவிட்டது. நடந்தாள், பட்டினி கிடந்தாள், உடற்பயிற்சி செய்தாள். கன்னம் ஒட்டியதுதான் மிச்சம். கம்பெனி பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் எழுந்து இடம் கொடுத்து, "எத்தனாவது மாசம்க்கா?" என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தன் சம்பாத்தியத்தில் சென்னைக்குப் போய், ஒரு நல்ல டாக்டரிடம் வயிற்றைச் சீரமைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதில் அவளுக்கு ஒரு துளி வெட்கம் கிடையாது.

வெட்கமெல்லாம் இன்னொரு விஷயத்தில். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரியில் காத்திருந்த செந்திலுக்கு வாலாஜாபேட்டையிலிருந்து அம்மா போன் செய்தாள். "எங்கடா இருக்க? ஆஸ்பத்திரி சத்தமா கேக்குது?" என்றாள். "ஹேமாவுக்குக் குடலிறக்கம்மா, அவசரமா பண்ண சொல்லிட்டாங்க" என்று இவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். பொய் சொல்லிப் பழகாதவன் சொன்னால் இப்படித்தான், தேவைக்கு மேல் பெரிதாகச் சொல்லிவிடுவான். மயக்கம் தெளிந்து இதைக் கேட்ட ஹேமா, வீட்டுக்குப் போனதும் திருத்திவிடலாம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்தாள். திருத்தவில்லை. தையல் ஆறிக்கொண்டு வர, அது மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் இருவரும் குடியாத்தத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தார்கள். சத்துவாச்சாரி வீடு காலையிலேயே அமைதியாக இருந்தது. ஹைவேயில் லாரி போகும் இரைச்சல் மட்டும் மாடி வரை ஏறி வந்தது.

தேவகிருபை வந்தார். வயது ஐம்பதை நெருங்குகிற பிசியோதெரபிஸ்ட். மார்பில் புற்றுநோய் ஆபரேஷன் ஆகி, அதற்கப்புறம் கை தூண் மாதிரி வீங்கிப்போகிற பெண்களோடு வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். வீக்கத்தை வடிய வைப்பது அவருக்குப் படிப்பும் தொழிலும். இப்போது தனியாக ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போகிறார். சென்னை டாக்டரே அவர் நம்பரை ஹேமாவிடம் கொடுத்து, "இன்ன தேதிக்கு மேல் ஆரம்பிக்கலாம்" என்று எழுதியும் கொடுத்திருந்தார்.

"தூக்கம் வந்துச்சா? நடந்தியா? தண்ணி குடிக்கிறியா?" என்று மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பெல்ட்டைத் தளர்த்தினார். தளர்த்தியவர் அப்படியே நின்றார்.

இடுப்பின் இடது பக்கம், தையலுக்கு மேலே, ஊதா நிறத்தில் நாலு விரல் தடம் பதிந்திருந்தது.

"இது யாரு கை?"

ஹேமா வாசலில் பால் பாக்கெட்டோடு நின்ற செந்திலைப் பார்த்தாள். தேவகிருபையும் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் வீக்கம் ஜாஸ்தியா தெரிஞ்சுது மேடம்" என்றான் அவன். "நீங்க செய்யறத பார்த்துக்கினு இருந்தேன்ல. நானும் கொஞ்சம்…"

"இதுக்குப் பேரு கொஞ்சமா?"

"உள்ள தண்ணி நிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? பிழிஞ்சு விட்டா போயிடும்னு பார்த்தேன்."

செந்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஈரம் சொட்டச் சொட்ட வருகிற தோலை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தண்ணீரைப் பிழிந்து எடுக்கிற மெஷின் அவன் பொறுப்பு. ஒரு மூலையில் ஈரம் தங்கினாலும் அடுத்த செக்ஷன்காரன் சட்டையைப் பிடிப்பான். தோலுக்கு அடியில் நீர் தங்கியிருக்கிறது என்று காதில் விழுந்ததுமே அவன் மனசுக்குள் அந்த உருளை சுற்ற ஆரம்பித்துவிட்டது. அன்பில் செய்த வேலைதான். அன்புக்கும் ஒரு அளவு வேண்டியிருக்கிறது.

"சார், அது செத்த தோலு" என்றார் தேவகிருபை. "அதுக்கு வலிக்காது. தானா ஒண்ணும் செய்யாது. பிழிஞ்சாத்தான் உண்டு. இது உசுரோட இருக்கற தோலு. தண்ணிய எடுத்துக்கினு போறதுக்கு அதுக்கே வழி இருக்குது. தோலுக்கு நேர் கீழ சன்னமா குழாய் ஓடுது, நிணநீர்க் குழாய்னு பேரு. நீங்க அமுக்கினா அது மூடிக்கும். அமுக்க அமுக்க வீக்கம் ஏறத்தான் செய்யும்."

செந்திலின் முகம் சுருங்கிவிட்டது. "ஏதாவது ஆயிடுச்சா மேடம்?"

தேவகிருபை வயிற்றின் ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்து, மறுபக்கம் விரலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். சூடு இருக்கிறதா என்று புறங்கையை வைத்தார். விரல் தடத்தைப் போட்டோ எடுத்துச் சென்னை டாக்டருக்கு அனுப்பி, போனிலும் பேசினார். அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கு முகம் தெளிந்தது.

"தப்பிச்சீங்க. உள்ள நீர் கட்டியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன், நேரா டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன். கைய குடுங்க."

அவன் கையை நீட்டினான். அவர் அவன் முன்கையில் விரல்களைப் படுக்க வைத்து, தோலை மட்டும் ஒரு வட்டமாக நகர்த்திவிட்டார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். இப்ப நீங்க என் கைல பண்ணுங்க."

பண்ணினான். "இன்னும் கம்மி" என்றார். பண்ணினான். "இன்னும் கம்மி. கொழந்த தூங்கும்போது கன்னத்துல ஒட்டுன சோத்த எடுப்பீங்கல்ல, எழுந்துடக் கூடாதுன்னு? அந்தக் கை." மூன்றாம் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. செந்திலுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது.

"மெஷின் ஓட்டறதே தேவல" என்றான். ஹேமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

தேவகிருபை வேலையை ஆரம்பித்தார். வீங்கியது வயிறு, ஆனால் அவர் கை முதலில் போனது கழுத்துக்கு, காறை எலும்புக்கு மேலே. அப்புறம் அக்குள். கடைசியில்தான் வயிறு. முன்கூட்டியே வழியைத் திறந்து வைக்காமல் நடுவில் தள்ளினால் எங்கே போகும் என்பார். கீழே தொடைப் பக்கம் போகிற பாதையைத் தையல் அடைத்திருப்பதால், மேலே அக்குள் பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். "ஹைவேல பாலம் கட்டறப்ப சர்வீஸ் ரோட்டுல திருப்பி விடறாங்கல்ல, அதான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஹேமா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கை படுவதே தெரியாது. ஆனால் சற்று நேரத்தில் இறுக்கமெல்லாம் விட்டு, உடம்பு தனக்கே திரும்பி வருகிற மாதிரி இருக்கும். இந்த நேரம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்போதுதான் மாடிப்படியில் சத்தம் கேட்டது.

ஒரு கால். அதே படியில் இன்னொரு கால். ஒரு பெருமூச்சு. மறுபடி ஒரு கால். கம்பியைப் பிடித்த வளையல் கை படிக்குப் படி உரசும் சத்தம். மதியத்துக்கு மேல் வருகிறேன் என்ற கெங்கம்மாள் முதல் பஸ்ஸைப் பிடித்துக் காலையிலேயே வந்துவிட்டாள்.

செந்தில் ஓடினான். "இன்னாம்மா, போன் பண்ணக்கூடாதா? கீழ வந்திருப்பேன்ல?"

"போன் பண்ணா நீ ஆட்டோ புடி, அத புடின்னுவ. பஸ்ஸு நம்ம ஸ்டாப்புலதான நிக்குது? எங்க அவ?"

"உள்ள… நர்ஸு வந்திருக்காங்க. நீ உக்காரு, காபி போடறேன்."

கெங்கம்மாள் உட்காரவில்லை. நேராக அறைக்குள் வந்தாள். முட்டி இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து, நடக்கும்போது உடம்பு படகு மாதிரி ஆடியது. தேவகிருபை துண்டை இழுத்துத் தையலை மறைத்துவிட்டு, கையை எடுக்காமல் வணக்கம் சொன்னார்.

"இருங்கம்மா, உங்க வேலைய பாருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்ட கெங்கம்மாள், மருமகளின் தலையைத் தடவினாள். "எளச்சிட்டியேடி." பிறகு சற்று நேரம் தேவகிருபையின் கையையே பார்த்தாள். பொறுக்கவில்லை.

"இன்னாம்மா இது, சும்மா தடவிக்கினு இருக்க? நல்லா அமுக்கிப் புடி. எண்ணெ கூட இல்லாம? நான் கொண்டாந்திருக்கேன், தரட்டா?"

வாசலில் நின்ற செந்தில் இருமினான். பிள்ளைக்கு அந்த அமுக்குகிற கை எங்கிருந்து வந்தது என்று தேவகிருபைக்குத் தெரிந்துவிட்டது. "வேணாம்மா. இதுக்கு எண்ணெ கூடாது, கை வழுக்கிடும். அமுக்கவும் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

கெங்கம்மாள் பையைத் திறந்து எண்ணெய்ப் பாட்டிலை ஓரமாக வைத்தாள். அதன் அடியிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்தாள். மஞ்சள் துணியில் காசு முடிந்த முடிச்சு. அதை ஹேமாவின் நெற்றியில் ஒற்றி எடுத்தாள்.

"அவன் ஆபரேஷன்னு சொன்னான் பாரு, எனக்குக் கை காலு ஓடல. உடனே முடிஞ்சு வெச்சேன். சோளிங்கர் பெரிய மலைக்கு. என் மருமவ நல்லபடியா எழுந்து நடந்தா, படியேறி வந்து உன்ன பாக்கறேன் சாமின்னு. நாளைக்கு கார்த்திகை ஞாயித்துக்கெழம. உன் நாத்தனா மோகனா வேன் பேசிட்டா. தெருவுல இருந்தும் வர்றாங்க."

ஹேமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அத்தை, ரோப் கார் இருக்குதே?"

"வேண்டிக்கினது படிய. ரோப்புல போனா அது டூரு."

"டாக்டர் உங்கள படியே ஏறக்கூடாதுன்னு சொன்னாரு. போன வருஷம் வாசப்படில மடங்கி விழுந்து எவ்ளோ நாளு படுத்துக் கெடந்தீங்க?"

"சாமி ஏத்திவிடும்டி. நீ படு."

ஒரு மாடி ஏறுவதற்கே இப்படி மூச்சு வாங்குகிறவள். அந்த மலையில் படிகள் ஆயிரத்துக்கும் மேல், மழை ஈரம் வேறு, கார்த்திகைக் கூட்டம் வேறு. ஹேமாவின் கண்ணுக்கு முன்னால், பாதிப் படியில் அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவது தெரிந்தது. எதற்காக? இல்லாத ஒரு குடலிறக்கத்துக்காக.

அவள் வாசலைப் பார்த்தாள். செந்தில் 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"மூச்ச விடு ஹேமா" என்றார் தேவகிருபை. "வயிறு கல்லாட்டம் ஆவுது."

ஹேமா மூச்சை விட்டாள்.

"அத்தை, எனக்குக் குடலிறக்கம் இல்ல."

"சரியாயிடுச்சா?"

"வரவே இல்ல. அது பொய்யி. வயிறு தொங்கிக்கினு இருந்துச்சுல்ல, அத சரி பண்ற ஆபரேஷன். நானா போய் பண்ணிக்கினேன்."

கெங்கம்மாளின் கை முடிச்சோடு அப்படியே நின்றது. மருமகளைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மகன் தரையைப் பார்த்தான்.

"நான் வேணா அப்புறம் வரட்டுமா?" என்றார் தேவகிருபை.

"நீ இரும்மா. நிறுத்தாத" என்றாள் கெங்கம்மாள், குரல் உயராமல். பிறகு மருமகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

இதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியும் அத்தை."

கெங்கம்மாள் எழுந்தாள். நாற்காலிக் கையைப் பிடித்து, முட்டியை நிமிர்த்தி, ஆடி ஆடி ஹாலுக்குப் போய்விட்டாள். எண்ணெய்ப் பாட்டில் மட்டும் அங்கேயே இருந்தது.

தேவகிருபை அவசரப்படாமல் வேலையை முடித்தார். பெல்ட்டைக் கட்டிவிட்டு, "சொன்னது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஹாலைக் கடக்கும்போது கெங்கம்மாளின் முட்டியைப் பார்த்து நின்றார். "அம்மா, இந்த வீக்கம் என் கைக்கு அடங்கறதில்ல. முட்டி டாக்டர்கிட்ட காட்டுங்க. மலை மட்டும் வேணாம்."

ஹேமா மெதுவாக நடந்துவந்து எதிரில் உட்கார்ந்தாள். செந்தில் காபியைக் கொண்டுவந்து வைத்தான். அது ஆடை படர்ந்து கிடந்தது.

"வயித்த அறுத்துக்கினதுக்குக் கோவம் இல்ல" என்றாள் கெங்கம்மாள் கடைசியில். "இது கார்த்திகடி. சாமி தவத்துல இருந்து கண்ணு தொறந்து பாக்கற மாசம். அந்த மாசமா பார்த்து நான் ஒரு பொய்ய கொண்டுபோய் அதுகிட்ட வெச்சிருக்கேன். தெரு பூரா சொல்லியிருக்கேன். எதிர் வீட்டு சைரா, 'உங்க மருமகளுக்கு துவா பண்ணேன் ஆன்ட்டி'ன்னு வந்து சொல்லிச்சு. அது மூஞ்சிய நான் எப்டி பார்ப்பேன்?"

"அம்மா, நான்தான் உளறிட்டேன்…" என்று செந்தில் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இர்ரா."

"உங்க புள்ள சொன்னாரு, நான் திருத்தல" என்றாள் ஹேமா. "அது தப்பு. அதுக்கு நீங்க இன்னா திட்டினாலும் வாங்கிக்கறேன். ஆனா ஆபரேஷனுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன் அத்தை. அது நான் யோசிச்சுப் பண்ணது."

"இன்னாத்துக்குப் பண்ணிக்கின? பெத்தவ வயிறு அப்டிதான் இருக்கும். எனக்கு இல்லையா?"

"உங்களுக்குப் பழகிடுச்சு. நான் இத்தன வருஷம் பார்த்தேன், எனக்குப் பழகல. முதுகு வலி ஒரு பக்கம். பஸ்ல எழுந்து எடம் குடுக்கறாங்க. ஆற்காட்டுல உங்க அண்ணன் பேத்தி கல்யாணத்துல ஒரு அம்மா என் வயித்துமேல கைய வெச்சு, 'மூணாவதா?'ன்னு கேட்டாங்க, ஞாபகம் இருக்குதா? பந்தியே சிரிச்சுது. நீங்களும் சிரிச்சீங்க."

கெங்கம்மாள் முடிச்சை விரலால் உருட்டினாள்.

"சிரிச்சேன்" என்றாள். "அன்னிக்குத் தமாஷா தெரிஞ்சுது."

"எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல."

வெளியே ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"உங்கம்மாகிட்ட சொன்ன. என்கிட்ட சொல்லல" என்றாள் கெங்கம்மாள்.

"வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயம் அத்தை."

"சொல்லியிருப்பேன். வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். சண்ட கூட போட்டிருப்பேன். போட்டுட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து உன் பக்கத்துல உக்காந்திருப்பேன்டி."

ஆபரேஷன் அன்று அழவில்லை. தையல் பிரித்த அன்று அழவில்லை. இப்போது ஹேமாவுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. தலையணை இல்லாததால் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கெங்கம்மாள் முந்தானையால் தன் கண்ணை முதலில் துடைத்தாள். அப்புறம் மருமகளின் முகத்தைத் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தியே.

"செரி, விடு. நாளைக்கு நான் கெளம்பணும்."

"எங்க?"

"மலைக்கு."

"குடலிறக்கமே இல்லன்னு ஆயிடுச்சே அத்தை!"

"நான் குடலிறக்கம்னா வேண்டிக்கினேன்? மருமவ எழுந்து நடக்கணும்னு கேட்டேன். நடக்கற. குடுக்க வேண்டியத குடுக்கணும்ல?"

செந்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். உண்மையைச் சொல்லிவிட்டால் அத்தை மலை ஏறுவதை விட்டுவிடுவாள் என்று நினைத்த ஹேமாவுக்கும் ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. ஆனால் ஒரு நிமிஷம்தான். கம்பெனி கணக்கில் பெரிய பெரிய முடிச்சை அவிழ்த்தவள் அவள்.

"நடக்கற உடம்பு யாருது? என்னுது. அப்ப படியும் என்னுது. டாக்டர் ஏறலாம்னு சொல்லட்டும், நான் ஏறுறேன். நீங்க ரோப் கார்ல வந்து மேல நில்லுங்க."

"வேண்டிக்கினது நானு."

"அப்ப அந்த முட்டிய சரி பண்ணிக்கினு வந்து ஏறுங்க. ஆபரேஷனுக்கு வாங்கன்னு டாக்டர் எவ்ளோ நாளா கூப்புடறாரு?"

"கத்தியா? எனக்கா?" கெங்கம்மாள் முட்டியைக் கையால் மூடிக்கொண்டாள். "பயமாருக்குதுடி."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நீங்க சண்ட போட்டாலும் நான் வந்து பக்கத்துல உக்காருவேன்."

கெங்கம்மாள் சரி என்று சொல்லவில்லை. அவ்வளவு சுலபத்தில் சொல்கிறவளும் இல்லை. மஞ்சள் முடிச்சைக் கண்ணில் ஒற்றி, மருமகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். "சாமி பொறுத்துக்கும். அதுவரைக்கும் நீ வெச்சிரு. முட்டி கதைய அப்புறம் பேசிக்கலாம். டேய், அந்த போன எடு. மோகனாவுக்குப் போடு."

மோகனா செந்திலின் தங்கை, ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். ஹேமாவின் தட்டில் கூடுதலாக ஒரு இட்லி விழுந்தாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடாத நாத்தனார். காது கொஞ்சம் மந்தமான கெங்கம்மாளின் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

"மோகனா, வேன்கார பூவரசன்கிட்ட சொல்லி வேன நிறுத்திடு. மலைக்கு நாளைக்குப் போவல."

"ஏம்மா? அண்ணிக்கு எதாவது ஆயிடுச்சா?"

ஹேமா முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். முட்டி வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை இங்கேயே முடிந்துவிடும். அத்தை அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தாள். சொன்னால் குறை சொல்ல முடியாது.

"அண்ணிக்கு ஒண்ணும் ஆவல" என்றாள் கெங்கம்மாள் கணீரென்று. "குடலிறக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்கண்ணன் உளறி வெச்சிட்டான். புள்ள பெத்த வயிறு தொங்கிக்கினு கெடந்துச்சு, அவளுக்குப் பேஜாரா இருந்துச்சு, போய் சரி பண்ணிக்கினா. ஆமா, அழகுக்குந்தான். இருந்தா இன்னா? அவ உடம்பு, அவ சம்பாத்தியம். தெருவுல கேட்டா நானே இதத்தான் சொல்லப்போறேன். நீயும் இதையே சொல்லு. பொய்யி வேணாம்."

செந்தில் வாயைப் பிளந்தபடி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹேமாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுமுனையில் சத்தமே இல்லை. மோகனா பேசாமல் இருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"மோகனா? கேக்குதா?"

"கேக்குதும்மா." குரல் கம்மியிருந்தது. "அண்ணிகிட்ட குடு. ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டுக் குடு."

அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யோசித்தபடியே ஹேமா போனை வாங்கினாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பால்கனிக்கு நடந்து, கதவைச் சாத்தினாள்.

"சொல்லு மோகனா."

"பக்கத்துல அம்மா இல்லையே அண்ணி?"

"இல்ல. நான் மட்டும்தான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீங்க எப்டி சொன்னீங்க அம்மாகிட்ட? நானும் ஒரு பொய் சொல்லி வெச்சிருக்கேன் அண்ணி. உங்களுதவிட பெருசு."

கேள்விகள் ஒன்றன் பின் ஒன்றாக ஹேமாவின் தொண்டைக்கு வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினாள். மஞ்சள் முடிச்சு வியர்வையில் நனைந்திருந்தது. இறுக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

"அவசரம் இல்ல மோகனா" என்றாள். "மெதுவா சொல்லு. நான் இருக்கேன்."